குதிரையின் கால்களிற் காணப்படும் கொம்புக் காய்ப்புகள்

குதிரை வளர்ப்போர் யாவரும், அப்பிராணியின் கால்களின் உட்புறத்தில், மயிர் முளையாத ஓர் இடத்தில், மரப்பட்டையை ஒட்டவைத்தாற்போல் கரடுமுரடாய் நிற்கும் காய்ப்புகளைக் கண்டிருப்பார்கள். அவை எதற்காக இருக்கின்றன, எதிலிருந்து உண்டாயின என்பதைக் குறித்துச் சிந்தித்தவர்கள் மிகச் சிலரே. அதனால் இரு வகையான தவறுகள் நேரிடுகின்றன. இயற்கையான காய்ப்பை மருவென்றும் நோயென்றும் எண்ணிக் கத்தியால் அறுப்பதும், காய்ச்சிய இரும்பால் சுடுவதும் ஒரு தவறு. காலில் புதிதாய் எழுந்த ஒரு கெட்ட வளர்ச்சியைக் கண்டு, “இது எல்லாக் குதிரைக்கும் உள்ளதுதானே” என்று வாளாவிருந்துவிடுவது மற்றொரு தவறு. இரண்டும் பிராணிக்குத் துன்பத்தையும் சொந்தக்காரருக்குப் பொருள் நஷ்டத்தையும் விளைவிக்கும். நகரத் தெருக்களில் ஜட்கா வண்டிகள் நிறைந்திருந்த காலம் மறைந்துவிட்டதாயினும், ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தை போன்ற இடங்களில் குதிரைகள் இன்றும் நல்ல விலைக்குக் கைமாறி வருகின்றன. ஆகையால், இவற்றை வாங்குவோரும், விற்போரும், வழக்கு நேர்ந்தால் அடையாளம் விசாரிக்க வேண்டிய கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தைத் தெளிவாய் அறிந்திருத்தல் நலம்.

இருக்கும் இடமும் அமைப்பும்

குதிரையின் கால்களில் உள்ள கொம்புக் காய்ப்புகள் இரு வகையின.

முதல் வகையை ஆங்கிலேயர் ‘செஸ்நட்’ என்பர். அப்பெயருடைய மரத்தின் கொட்டையை நிறத்தாலும் வடிவாலும் ஒருவாறு ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் அதே பொருள்படும் சொற்களையே வழங்குகின்றனர். இது முன்னங்காலில் முழங்காலுக்கு மேலேயும், பின்னங்காலில் பின்புறமாய் மடங்கும் பெரிய மூட்டின் அடிப்பாகத்திலும், உட்புறத்தில் அமைந்திருக்கும். முன்காலில் மூட்டுக்கு மேல், பின்காலில் மூட்டுக்குக் கீழ் என்ற இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். இதன் பயன் பின்னர் விளங்கும். சன்னமான தேகமுள்ள ஜாதிக் குதிரைகளில் இக்காய்ப்பு சிறிதாயும், பாரம் இழுக்கும் பெருங்குதிரைகளில் பெரிதாயும் தடித்தும் இருக்கும்.

இரண்டாம் வகை ‘எர்கட்’ எனப்படும். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்குச் சேவலின் கால்முள் என்பது பொருள். குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டின் பின்புறத்தில், மயிர்க்கொத்துக்குள் மறைந்து, சிறு முளைபோல் இது இருக்கும். கையால் மயிரை விலக்கித் தடவினாலன்றிப் பல குதிரைகளில் இது புலப்படாது.

இவ்விரு வகையும் குளம்பைப் போலவும் நம்முடைய நகத்தைப் போலவும் கொம்புப் பொருளாலானவை. மேல்தோல் மிகத் தடித்து, அடுக்கடுக்காய் வளர்ந்து, முற்றிய அடுக்குகள் தாமாகவே உரிந்து விழும். செஸ்நட்டின் அடியில் எலும்பு இல்லை. எலும்போடு அதற்கு எவ்விதச் சேர்க்கையும் இல்லை. தோலை அசைத்தால் அதுவும் கூடவே அசையும். எர்கட்டின் அடியிலிருந்து மட்டும் மெல்லிய நார்ப் பட்டைகள் இரண்டு இருபுறமும் கீழ்நோக்கிச் செல்கின்றன. அவை அவ்விடத்து நரம்புக்கு அருகே அதைப்போலவே தோன்றுவதால், சஸ்திர சிகிச்சை செய்யும் வைத்தியர் இரண்டையும் பிரித்தறிந்தே கத்தியை வைக்க வேண்டும்.

பழைய நம்பிக்கைகள்

மேல்நாட்டில் செஸ்நட்டுக்கு ‘இரவுக் கண்’ என்றும் ஒரு பெயர் உண்டு. குதிரை இருளிலும் தடுமாறாமல் நடப்பதைக் கண்டவர்கள், இக்காய்ப்புகளே அதற்கு இரவிற் கண்ணாக உதவுகின்றன என்று கருதினர். உண்மையில் இருளில் குதிரைக்கு உதவுவது அதன் முகத்திலுள்ள பெரிய கண்களே. அவற்றின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருப்பதால், மங்கிய வெளிச்சத்திலும் அதனால் பார்க்க முடிகிறது.

கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியரான டயாஸ்கொரிடிஸ், குதிரைக்கால் காய்ப்பைப் பொடித்துக் காடியிற் கலந்து குடித்தால் காக்கைவலிப்பு நீங்கும் என்ற கருத்தைத் தம் மருந்து நூலில் குறித்து வைத்தார். நகத்தைப் பொடித்து உண்பதற்கும் இதற்கும் குணத்தில் வேற்றுமையில்லை. இதில் மருந்துச் சத்து யாதுமில்லை. ஐரோப்பாவில் குதிரை பழக்குவோர் சிலர் காய்ப்பின் உரிந்த துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்து, அதன் வாசனையால் முரட்டுக் குதிரையை வசப்படுத்த முயன்றதும் உண்டு. புதிதாய் உரித்த துண்டுக்கு ஒரு தனி வாசனை உண்டென்பது மெய்யே. இவ்வாசனை விஷயம் பின்னர் அறிஞரின் விவாதத்திலும் இடம்பெறும்.

உராய்வினால் உண்டானவையா?

முதலில் எழும் எண்ணம் இதுவே. நுகத்தடி அழுத்துவதால் உழவுமாட்டின் கழுத்துக் காய்த்துப்போவதை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். மண்வெட்டி பிடிக்கும் கையும் அவ்வாறே காய்க்கிறது. குதிரையின் காலும் எதிலோ உராய்ந்து காய்த்திருக்கலாம் அன்றோ?

இக்கருத்து சோதனையில் நில்லாது. கன்று கழுத்துக் காய்ப்போடு பிறப்பதில்லை. நுகம் பூட்டிய பின்னரே காய்ப்பு ஏற்படுகிறது. குதிரைக் குட்டியோ பிறக்கும்போதே கால்களில் இவ்விடங்களைச் சிறிய, வழுவழுப்பான, மயிரற்ற திட்டுகளாய்க் கொண்டு பிறக்கிறது. தாயின் வயிற்றிலுள்ள கருவிலேயே இவை தோன்றிவிடுகின்றன. அன்றியும், செஸ்நட் இருக்குமிடம் நிற்கும்போது தரையில் படுவதில்லை; சேணமோ வாரோ அதன்மேல் அழுந்துவதுமில்லை. ஆகவே இவை உழைப்பினால் வந்தவையல்ல. பரம்பரையாய் வருபவை என்பது திண்ணம்.

பரம்பரையாய் வரும் ஓர் உறுப்புக்கு இக்காலத்தில் உபயோகம் ஒன்றும் காணப்படாவிட்டால், அது முற்காலத்து மூதாதைகளில் உபயோகப்பட்ட ஏதோ ஓர் உறுப்பின் மிச்சமாயிருக்கலாம் என்று இயற்கை நூலார் ஊகிப்பர். அவ்வாறு எழுந்த கொள்கைகள் மூன்று.

இழந்த விரலின் மிச்சம் என்ற கொள்கை

குதிரை ஒற்றைக் குளம்புள்ள பிராணி. அது நடப்பது நடுவிரலின் நுனியில். குளம்பு அவ்விரலின் நகம். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் மனிதனுடைய மணிக்கட்டுக்கு ஒப்பானது; பின்னங்காலின் பெரிய மூட்டு நமது கணுக்காலுக்கு ஒப்பானது. சுமார் 5½ கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மிகப் பழைய குதிரையினம் நாயளவே உடையதாய், முன்கால்களில் நான்கு விரல்களும் பின்கால்களில் மூன்று விரல்களும் பெற்றிருந்தது. காலக்கிரமத்தில் உடல் பெருத்து, விரல்கள் குறைந்து, நடுவிரல் மட்டும் வலுத்து நின்றது. இரண்டாம், நான்காம் விரல்களின் மிச்சம் இன்றும் நடுவெலும்பின் இருபுறமும் ஒட்டிய மெல்லிய எலும்புகளாய் இருக்கிறது.

இவ்வரலாற்றை அறிந்தவர் சிலர், செஸ்நட் என்பது மறைந்துபோன கட்டைவிரலின் நகமே என்றனர். கேட்பதற்கு இது அழகாயிருக்கிறது. ஆனால் இடம் பொருந்தவில்லை. கட்டைவிரல் எந்தப் பிராணியிலும் மணிக்கட்டுக்குக் கீழேதான் முளைக்கும். முன்னங்காலின் செஸ்நட்டோ மணிக்கட்டுக்கு மேலே இருக்கிறது. அன்றியும், மேற்கூறிய ஆதிக் குதிரையிலேயே கட்டைவிரல் பயனற்று மறைந்துவிட்டது. காய்ப்பினடியில் விரலெலும்பின் சிறு துணுக்கும் இல்லை. 2020ஆம் ஆண்டில், குதிரைக் கருவின் மிக இளம் பருவத்தில் ஐந்து விரல்களுக்குரிய திரட்சிகளும் தோன்றிப் பின் ஒடுங்குகின்றன என்ற ஆராய்ச்சி வெளியாயிற்று. ஆனால் அத்திரட்சிகளும் விரல்களுக்குரிய இடமாகிய மணிக்கட்டுக்குக் கீழேதான் தோன்றுகின்றன. ஆகவே விரற்கொள்கையைக் கைவிடுவதே தகும்.

பாதத் திண்டின் மிச்சம் என்ற கொள்கை

நாயின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு விரலுக்கடியிலும் ஒரு மெத்தென்ற திண்டும், விரல்களுக்குப் பின்னால் ஒரு பெரிய திண்டும் காணலாம். முன்காலில் மணிக்கட்டின் பின்புறத்தில் தனியே மற்றொரு சிறு திண்டும் உண்டு. ஆதிக் குதிரையும் இவ்வாறே திண்டுள்ள பாதத்தை ஊன்றி நடந்தது. குதிரைக்குத் தூரத்து உறவான டேப்பிர் என்னும் காட்டுவிலங்கு இன்றும் அப்படியே நடக்கிறது. குதிரை விரல் நுனியில் எழுந்து நின்றபோது, நடுத்திண்டு தரையைவிட்டு மேலே தூக்கப்பட்டு, உபயோகமற்றுச் சிறுத்து, எர்கட் என்ற முளையாயிற்று என்பர்.

லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த ஸர் வில்லியம் பிளவர், குதிரையைப்பற்றி 1891இல் வெளியிட்ட நூலில் எர்கட்டைக் குறித்து இவ்வாறே கருதினார். அது காலின் பின்புறத்தில், விரல் தொடங்கும் மூட்டில், திண்டு இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. அதனால் எர்கட்டைப் பொறுத்தவரை இக்கொள்கை பெரும்பாலோரால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

செஸ்நட்டையும் இதே வகையில் சேர்த்து, நாயின் மணிக்கட்டுத் திண்டுக்கு இணையாகச் சொல்வோர் உண்டு. எடின்பரோ சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்து, வரிக்குதிரையையும் குதிரையையும் கலப்பினம் செய்து பார்த்த காஸர் எவர்ட் என்பவர் இப்பக்கம் சாய்ந்தார். ஆனால் செஸ்நட் இருப்பது காலின் உட்புறத்தில், பின்புறத்தில் அன்று. முன்காலில் அது மூட்டுக்கும் மேலே ஏறி நிற்கிறது; தரையை மிதித்த திண்டு அவ்வளவு உயரத்தில் இருந்திருத்தல் அரிது. நாயின் பின்காலில் அதற்கிணையான திண்டும் இல்லை. எனவே எர்கட்டுக்குப் பொருந்திய விளக்கம் செஸ்நட்டுக்கு அத்துணை எளிதாய்ப் பொருந்துவதில்லை.

வாசனைச் சுரப்பியின் மிச்சம் என்ற கொள்கை

மான்களுக்குப் பின்னங்காலின் மூட்டருகே வாசனைச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் வாசனை புல்லிலும் புதரிலும் பட்டு, கூட்டத்தைப் பிரிந்த மானுக்கு வழி காட்டும். பன்றியின் முன்னங்காலிலும் மணிக்கட்டின் பின்புற உட்பக்கத்தில் வரிசையாய்ச் சில துவாரங்களைக் காணலாம், அவையும் சுரப்பிகளே. இவற்றை ஒப்புநோக்கி, குதிரையின் செஸ்நட்டும் முற்காலத்தில் கூட்டமாய்த் திரிந்த குதிரைகளுக்கு உதவிய வாசனைச் சுரப்பியாயிருந்து, பின் வற்றிப்போனது என்று ஆங்கில இயற்கை நூலார் ரிச்சர்டு லைடெக்கர் வாதித்தார்.

இக்கொள்கைக்கு இரண்டு பலங்கள் உண்டு. ஒன்று, இடம்: காலின் உட்புறத்தில், மூட்டுகளை அடுத்து இருப்பது சுரப்பிகளுக்கு இயல்பு. மற்றொன்று, முன்னே சொன்ன வாசனை. ஆனால் ஒரு பெரிய தடையும் உண்டு. செஸ்நட்டை மெல்லியதாய்ச் சீவிப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதில் சுரப்பியும் இல்லை, மயிர்க்காலும் இல்லை. குளம்பிற் காண்பது போன்ற கொம்புக் குழாய்களே உள்ளன. சுரப்பியின் மிச்சமென்று சொல்ல, சுரப்பியின் சுவடே அதில் இல்லாதிருக்கிறது.

ஆதலால் இன்றைய நிலை யாதெனில்: எர்கட் பாதத் திண்டின் மிச்சம் என்பது நன்கு பொருந்துகிறது, செஸ்நட்டைப் பற்றித் திண்டென்றும் சுரப்பியென்றும் கூறும் இரு கொள்கைகளும் எதிரெதிரே நிற்கின்றன. தோல் கல்லிற் பதிந்து கிடைப்பது அரிதாகையால், பழங்குதிரைகளின் எலும்புகள் ஏராளமாய்க் கிடைத்தும் இவ்வழக்கைத் தீர்க்க அவை உதவவில்லை.

கழுதை, வரிக்குதிரை முதலியன

குதிரையின் நெருங்கிய இனத்தாரைப் பார்த்தாலும் ஒரு விசேஷம் காணலாம். கழுதைக்கும் வரிக்குதிரைக்கும் செஸ்நட் முன்னங்கால்களில் மட்டுமே உண்டு, பின்னங்கால்களில் இல்லை. இருப்பதும் தடித்து நீண்டிராமல் தட்டையாயும் மிருதுவாயும் இருக்கும். வீட்டுக் குதிரைக்கும், மங்கோலியாவின் காட்டுக் குதிரைக்கும் நான்கு கால்களிலும் உண்டு. கழுதையின் தன்மையும் குதிரையின் தன்மையும் கலந்த கோவேறு கழுதைக்குப் பின்கால்களில் இது இல்லாமலோ, மிகச் சிறியதாயோ இருப்பது வழக்கம். ஐஸ்லாந்து முதலிய வடதீவுகளின் சிறு குதிரைகளிற் சிலவற்றில் பின்கால் செஸ்நட் காணப்படாததை எவர்ட் எடுத்துக் காட்டினார். ஆகவே, விற்பனைக்கு வந்த குதிரைக்குப் பின்காலில் காய்ப்பு இல்லையென்றால் அதை ஊனமென்று தள்ள வேண்டியதில்லை.

அடையாளத்துக்கு உதவும் விதம்

தோற்றத்தைக் குறித்த வழக்கு முடியாவிட்டாலும், செஸ்நட்டின் கைகண்ட பயன் ஒன்று உண்டு. மனிதனின் கைரேகைபோல் இதன் விளிம்பு வடிவம் குதிரைக்குக் குதிரை வேறுபடும். வளர்ந்த குதிரையில் அவ்வடிவம் மாறாது. மேலடுக்கு உரிவதால் கனம் கூடிக் குறையுமேயன்றி, அடியின் எல்லைக்கோடு அவ்வாறே நிற்கும்.

அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளை ஆள்மாறாட்டம்போல் மாற்றி ஓட்டும் மோசடியைத் தடுக்க, 1947இல் மேலுதட்டின் உட்புறத்தில் எண்ணைப் பச்சை குத்தும் முறை வந்தது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனுடன் நான்கு கால் செஸ்நட்டுகளையும் படம் பிடித்துப் பதிவு செய்யும் முறையும் கையாளப்பட்டது. வட அமெரிக்காவில் 2017 முதல் பிறந்த பந்தய ஜாதிக் குட்டிகளுக்குத் தோலடியில் பதிக்கும் மின்னணுச் சில்லு கட்டாயமாயிற்று. எனினும், வெள்ளைக் குறியும் போதிய சுழியும் இல்லாத ஒரேநிறக் குதிரையின் அடையாளப் பத்திரத்தில் செஸ்நட்டின் வடிவத்தை வரைந்து காட்டும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டு.

நம் நாட்டில் குதிரை வாங்குவோர் சுழி பார்ப்பது பழைய வழக்கம். சுழியினால் குடும்பத்துக்கு நன்மை தீமை விளையும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் சுழியும் மாறாத ஓர் அடையாளமாகையால், அதைக் குறித்து வைப்பதில் பயன் உண்டு. கிரயச் சீட்டு எழுதும்போது நிறம், வெள்ளைக் குறிகள், சுழிகளின் இடம் ஆகியவற்றோடு செஸ்நட்டின் படத்தையும் சேர்த்து வைத்தால், திருட்டுப்போன குதிரை பின்னர் வேறு ஊரில் அகப்படும்போது வழக்கு எளிதில் தீரும். அதற்குக் காய்ப்பை நீரால் கழுவி, தானே கழலும் அடுக்கை நீக்கி, உலர்த்தி, அருகில் ஓர் அளவுகோலை வைத்து, நேர் எதிரிலிருந்து படம் பிடிக்க வேண்டும். இடது, வலது, முன், பின் என்பதைத் தவறாமல் எழுத வேண்டும். வளரும் குட்டியில் காய்ப்பும் பெரிதாகுமாகையால், குட்டிக்கு எடுத்த படத்தை வளர்ந்தபின் புதுப்பித்தல் அவசியம்.

பராமரிப்பும் எச்சரிக்கையும்

காய்ப்பு மிக நீண்டு தொங்கினால், ஓரங்கள் பிளந்து அழுக்குச் சேரக்கூடும். அப்போது குளிப்பாட்டிய பின்னர், ஊறி மிருதுவாயிருக்கும் மேலடுக்கைக் கைவிரலாலேயே மெதுவாய் உரித்துவிடலாம். ஊறாவிடில் எண்ணெய் சிறிது தடவி, மறுநாள் உரிக்கலாம். எதிர்த்து நிற்கும் அடுக்கைப் பிய்க்கக் கூடாது. எர்கட் மிக நீண்டிருந்தால், குளம்பு சீவுவதில் பழகியவரைக் கொண்டு நுனியை மட்டும் நறுக்கலாம். இதற்குமேல் இவற்றுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

அடிவரை அறுத்தால் இரத்தம் வரும். வீட்டுப் பிராணிகளில் தனுர்வாயு என்னும் இசிவு நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரை. அந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. சிறு புண்ணும் அதற்கு வாயிலாகும். கண்டபின் பிழைப்பித்தல் அரிது. பயனற்ற ஓர் அறுவையால் ஒரு நல்ல குதிரையை இழப்பது அறியாமையின் விலையேயாகும். குதிரைகளுக்குத் தனுர்வாயுத் தடுப்பூசியைக் காலந்தவறாமல் போட்டு வருதல் எக்காரணத்தாலும் விடத்தக்கதன்று.

இனி, இயற்கைக் காய்ப்பை நோயினின்றும் பிரித்தறியும் வழி வருமாறு:

1. இயற்கைக் காய்ப்பு குறித்த இடத்திலேயே, இடது வலது இரு கால்களிலும் ஒத்திருக்கும், உலர்ந்திருக்கும், அழுத்தினால் வலியிராது.

2. ஒரு காலில் மட்டும், அல்லது மார்பு, வயிறு, கண்ணோரம், தொடையிடை போன்ற வேறிடங்களில் மருப்போல் எழுந்து, நாளுக்கு நாள் பெருத்து, வெடித்து இரத்தம் கசிவது பெரும்பாலும் ‘ஸார்காயிட்’ என்னும் தோற்கட்டியாகும். குதிரையின் தோற்கட்டிகளில் இதுவே மிகுதியாய்க் காணப்படுவது. மாடுகளுக்கு மரு உண்டாக்கும் வைரஸே இதற்கும் சம்பந்தப்பட்டது. இதை அரைகுறையாய் அறுத்தாலோ சுட்டாலோ முன்னிலும் வேகமாய்ப் பெருகக்கூடும். கால்நடை மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

3. பின்னங்கால் மூட்டின் உட்புற அடிப்பாகத்தில், தோலுக்கு அடியில், கல்லைப்போல் அசையாத புடைப்பு இருந்தால், அது மூட்டெலும்பில் உண்டாகும் ‘ஸ்பாவின்’ என்னும் நோயாயிருக்கலாம். செஸ்நட்டுக்கு அருகிலேயே இது தோன்றுவதால் வாங்குவோர் ஏமாறுவதுண்டு. தோலோடு அசைவது காய்ப்பு. எலும்போடு நிற்பது நோய். குதிரையை ஓட்டிப் பார்த்து நொண்டுகிறதா என்று கவனித்த பின்னரே விலை பேச வேண்டும்.

4. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, உட்புறத்தில் எலும்புபோல் தடித்திருப்பது செஸ்நட் அன்று. செஸ்நட் முழங்காலுக்கு மேலேயே இருக்கும். இத்தடிப்பு மெல்லிய பக்கவெலும்பில் நேர்ந்த வீக்கமாயிருத்தல் கூடும்.

சுருங்கச் சொல்லின், குதிரையின் கால்களிலுள்ள காய்ப்புகள் பழங்கால உறுப்புகளின் மிச்சம். நோயுமல்ல, அபசகுனமுமல்ல, மருந்துமல்ல. இவற்றை அறுக்கவும் சுடவும் வேண்டுவதில்லை. வடிவத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது சொந்தக்காரருக்குச் செலவில்லாத ஒரு காவல். குதிரையைத் தேய்த்துக் கழுவும்போதெல்லாம் நான்கு கால்களையும் கையால் தடவிப் பார்க்கும் வழக்கமுடையவர், இயற்கையானது எது, புதிதாய் வந்தது எது என்பதை முதல் நாளிலேயே அறிந்துகொள்வார். நோயை முதல் நாளில் அறிவதே பாதி சிகிச்சையாகும்.